ஒரே ராத்திரியில் வந்தவர் இல்லை: அயர்லாந்தில் ஓர் ஆல்ரவுண்டர் எப்படி உருவாகிறார்?

2011 மார்ச் 2, உலகக் கோப்பை, பெங்களூரு சின்னசாமி மைதானம். இங்கிலாந்து 327 அடித்திருந்தது. பதிலுக்கு ஆட வந்த அயர்லாந்து முதல் பந்திலேயே கேப்டன் போர்ட்டர்ஃபீல்டை இழந்தது. 25-ஆவது ஓவரில் 111-க்கு 5 விக்கெட். "சரி, முடிந்தது" என்று டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். திரும்பி வந்து ரிமோட்டைத் தேடி எடுத்தபோது, தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசிய ஒருவர் (புற்றுநோய் நிதி திரட்டலுக்காகப் பூசியது) இங்கிலாந்துப் பந்துகளைக் கூட்டத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். கெவின் ஓ'பிரையன். 50 பந்தில் சதம். உலகக் கோப்பையில் அன்றுவரை யாரும் அவ்வளவு வேகமாகச் சதம் அடித்ததில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. "ஒரு நாள் மாட்டிச்சு, அடிச்சார்" என்பார்கள். "ஆல்ரவுண்டர்னா கொஞ்சம் பேட்டிங், கொஞ்சம் பவுலிங், ரெண்டும் அரைகுறை" என்பார்கள். அயர்லாந்து என்றால் "பார்ட் டைம் டீம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மூன்றிலும் துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் மூன்றும் நிலைத்துவிட்டன. ஆல்ரவுண்டர் என்பது என்ன வேலை, சின்ன நாட்டில் அந்த வேலைக்கு எப்படி ஆள் தயாராகிறார் என்று தெரிந்துகொண்டால் அந்த 50 பந்து வேறு மாதிரி தெரியும்.

ஆல்ரவுண்டர்: டீக்கடைக் கணக்கு

பெரிய ஹோட்டலில் மாஸ்டர் தனி, சப்ளையர் தனி, கல்லாவில் உட்காருபவர் தனி. தெருமுனை டீக்கடையில் டீ ஆற்றுகிறவரே வடையையும் எடுத்துக் கொடுத்து, காசும் வாங்கிப் போடுகிறார். மூன்று வேலையிலும் அவர் ஊரிலேயே கெட்டிக்காரர் என்பதால் இல்லை. மூன்று ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கடைக்குக் கட்டாது.

கிரிக்கெட்டிலும் இதே கணக்குதான். 50 ஓவர் ஆட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 10 ஓவர்தான் வீசலாம். ஆக, குறைந்தது ஐந்து பேர் பந்துவீச வேண்டும். விக்கெட் கீப்பர் ஒருவர், ஐந்து பந்துவீச்சாளர்கள் என்று வைத்தால் மட்டையாளர்களுக்கு மிச்சம் ஐந்து இடம். அதற்குப் பயந்து மட்டையாளர்கள் ஆறு பேரை வைத்தால் ஐந்தாவது பந்துவீச்சாளரின் 10 ஓவர் அந்தரத்தில் தொங்கும். அந்த 10 ஓவரையும் வீசி, ஆறாவது மட்டையாளராகவும் ஆடக்கூடியவர் ஒருவர் கிடைத்தால் அணி 11 பேரை வைத்தே 12 பேரின் வேலையை வாங்கிக்கொள்ளும். ஆல்ரவுண்டர் என்பது இந்தப் பொறுப்பின் பெயர்.

அவரை அளக்க ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஆட்டமிழக்கும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை ரன் எடுத்திருக்கிறார் என்பது மட்டைச் சராசரி. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பது பந்துவீச்சுச் சராசரி. முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் அவர் நல்ல ஆல்ரவுண்டர். கெவின் ஓ'பிரையனின் ஒருநாள் ஆட்டக் கணக்கில் மட்டைச் சராசரி 29 சொச்சம், பந்துவீச்சுச் சராசரி 32 சொச்சம். அளவுகோல்படி அவர் தேறவில்லை! ஆனால் அயர்லாந்துக்காக 153 ஒருநாள் ஆட்டங்களில் 3,619 ரன், 114 விக்கெட். 2021-இல் ஒருநாள் ஆட்டங்களிலிருந்து விலகியபோது அந்த நாட்டுக்காக அதிக விக்கெட் எடுத்தவரே அவர்தான். ஐந்தாவது ஆளாகப் பந்து வாங்கியவர் முதல் இடத்தில் போய் நிற்கிறார். அளவுகோலில்தான் கோளாறு என்பது என் கட்சி. டீக்கடைக்காரரை நட்சத்திர ஹோட்டல் மாஸ்டரோடு நிறுத்தி மார்க் போடக் கூடாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆல்ரவுண்டரின் மதிப்பு அவர் எத்தனை அடித்தார், எத்தனை எடுத்தார் என்பதோடு நிற்பதில்லை. அணியில் எந்த ஓட்டையை அடைக்கிறார் என்பதும் சேர்ந்ததுதான்.

தற்காலிக ஊழியரின் கதை

இப்போது "சின்ன அணி" என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு அலுவலகத்தில் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர் என்று இரண்டு வகை இருப்பார்கள். பார்க்கும் வேலை ஒன்றே. ஆனால் தற்காலிக ஊழியருக்கு இன்கிரிமென்ட் கிடையாது, சில அறைகளுக்குள் நுழைய அனுமதி கிடையாது, சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி நேர்காணலுக்குப் போக வேண்டும்.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலிலும் (ஐசிசி) அப்படித்தான். டெஸ்ட் ஆடும் உரிமையுள்ள நாடுகள் முழு உறுப்பினர்கள். மற்றவை இணை உறுப்பினர்கள். அயர்லாந்து 1993-இல் இணை உறுப்பினரானது. 2005-இல் தன் சொந்த மண்ணில் நடந்த, இணை உறுப்பினர்களுக்கான ஐசிசி டிராஃபியில் இறுதி ஆட்டம்வரை போய், 2007 உலகக் கோப்பைக்கும் ஒருநாள் அந்தஸ்துக்கும் தகுதி பெற்றது. அந்தஸ்து என்றால், இனி ஆடும் ஆட்டங்கள் அதிகாரபூர்வ ஒருநாள் சர்வதேச ஆட்டங்களாகக் கணக்கில் ஏறும் என்று பொருள். டெஸ்ட் அப்போதும் கிடையாது. அதற்காக 12 வருடம், 2017 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாட்டுக்குள்ளேயும் கிரிக்கெட்டுக்கு இடம் குறைவு. அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம், 1901 முதல் 1971 வரை, தன் உறுப்பினர்கள் கிரிக்கெட், ரக்பி போன்ற "அந்நிய" ஆட்டங்களை ஆடுவதைத் தடுத்து வைத்திருந்தது. பார்க்கப் போவதும் குற்றம். இங்கிலாந்தின் ஆட்சியோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட ஆட்டம் என்பதால் வந்த கோபம் அது. ஆக, டப்ளினின் சில கிளப்புகள், வடக்கே சில ஊர்கள் என்று கிரிக்கெட் சுருங்கிக் கிடந்தது.

ஆள் குறைந்த கிளப்பில் என்ன நடக்கும்? நன்றாக மட்டை பிடிக்கும் பையனிடமே பந்தையும் கொடுப்பார்கள். பதினாறு வயதில் "நான் பேட்ஸ்மேன் மட்டும்தான்" என்று ஒதுங்க முடியாது. மைதானமும் அதற்கு ஒத்துழைக்கும். மழையில் ஊறிய மெதுவான ஆடுகளத்தில் பந்து மட்டைக்கு வந்து சேரத் தாமதமாகும். மணிக்கு 120-125 கிலோமீட்டரில் ஸ்டம்பைப் பார்த்து நேராக வீசி, இடையிடையே வேகத்தைக் குறைக்கத் தெரிந்தால் போதும், அடிக்கக் கஷ்டம். இந்தப் பள்ளியில் படித்து வந்தவர்தான் ஓ'பிரையன்.

சாண்டிமவுண்டிலிருந்து ஸ்டோர்மான்ட் வரை

1984 மார்ச் 4-இல் டப்ளினில் பிறந்தார். அப்பா பிரெண்டன் அயர்லாந்துக்கு ஆடியவர். அண்ணன் நைல் விக்கெட் கீப்பர். பிற்காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். வீட்டுக்குப் பக்கத்து கிளப், சாண்டிமவுண்டில் உள்ள ரயில்வே யூனியன்.

2006 ஜூன் 13, பெல்ஃபாஸ்ட் நகரின் ஸ்டோர்மான்ட் மைதானம். அயர்லாந்தின் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டம், எதிரணி இங்கிலாந்து. ஓ'பிரையன் கையில் பந்து வந்ததும், சர்வதேச ஒருநாள் வாழ்க்கையில் தான் வீசிய முதல் பந்திலேயே இங்கிலாந்து கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸை வெளியேற்றினார். பின்னால் மட்டையால் பேர் வாங்கியவரின் கணக்கு விக்கெட்டில்தான் தொடங்கியது. ஆட்டத்தில் அயர்லாந்து தோற்றது.

அதே ஆட்டத்தில் இன்னொரு விஷயம் நடந்தது, எனக்கு அது ஸ்கோரைவிட முக்கியம். டப்ளின்காரர் எட் ஜாய்ஸ் அன்று தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை இங்கிலாந்துக்காக ஆடினார். அவருடைய சொந்தத் தம்பி டொமினிக் எதிரே அயர்லாந்துச் சட்டையில் நின்றார். டெஸ்ட் ஆட வேண்டுமானால் இங்கிலாந்துக்குப் போவதைத் தவிர வழியில்லாத காலம் அது. டப்ளினுக்கு அருகில் ரஷ் என்ற ஊரில் வளர்ந்த இயன் மோர்கனும் 2009-இல் அப்படித்தான் போனார். 2019-இல் இங்கிலாந்தின் கேப்டனாக உலகக் கோப்பையையே தூக்கினார். நல்ல ஆட்டக்காரர்கள் இப்படிக் கிளம்பிக்கொண்டே இருந்தால், இருப்பவர்கள் மேல் சுமை ஏறத்தானே செய்யும். ஓ'பிரையனுக்கு ஒரு நாள் ஐந்தாவது பந்துவீச்சாளர் வேலை, இன்னொரு நாள் சரிவைத் தடுக்கும் வேலை, வேறொரு நாள் கடைசிப் பத்து ஓவரில் விளாசும் வேலை. தேர்ந்தெடுக்க அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2007 உலகக் கோப்பையில், செயின்ட் பேட்ரிக் திருநாளான மார்ச் 17 அன்று, கிங்ஸ்டனில் பாகிஸ்தானை அயர்லாந்து தோற்கடித்தது. நைல் 72 எடுத்தார், கெவின் ஆட்டமிழக்காமல் 16. எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தபோது ஒரு முனையில் கடைசிவரை நின்றது அந்த 16. அந்த அணியில் ஆசிரியர் இருந்தார், தபால்காரர் இருந்தார், துணி விற்பனைப் பிரதிநிதி கேப்டனாக இருந்தார். "பார்ட் டைம் டீம்" என்ற பேச்சு அந்த அளவில் உண்மை. அதன்பிறகு அயர்லாந்து கிரிக்கெட் வாரியம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் பெங்களூருக்கு வந்தவர்களை அப்படிச் சொல்ல முடியாது.

சுருக்கமாக, இங்கே மூன்று விசைகள் சேர்ந்து வேலை செய்தன. கிளப்பில் ஆள் குறைவு, அதனால் இரண்டு வேலையும் பழகினார். ஆடுகளம் மெதுவானது, அதனால் மிதவேகம் பலித்தது. நல்ல ஆட்டக்காரர்கள் வெளியே போனார்கள், அதனால் பொறுப்பு சீக்கிரம் வந்தது.

அந்த 50 பந்தை நிதானமாகப் பார்ப்போம்

111-க்கு 5 என்ற நிலையில் 25.4 ஓவரில் 217 ரன் வேண்டும். ஓவருக்கு ஏறக்குறைய எட்டரை. ஓ'பிரையன் ஆறாவது இடத்தில் இறங்கியிருந்தார். அதாவது அந்த ஆல்ரவுண்டர் இருக்கையில். எதிர்முனையில் அலெக்ஸ் கூசக், அவரும் பந்துவீசும் மட்டையாளர்தான். இங்கேதான் டீக்கடைக் கணக்கு பலன் தந்தது. அயர்லாந்தின் பட்டியலில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாமே இரண்டு வேலை தெரிந்தவர்கள். ஐந்து விக்கெட் போனாலும் வால், அதாவது மட்டை பிடிக்கத் தெரியாத கடைசி ஆட்கள், தொடங்கவில்லை.

அன்றைய விதியில் மட்டை அணிக்கு ஒரு பவர்பிளே உண்டு. பவர்பிளே என்றால், குறிப்பிட்ட ஓவர்களுக்கு 30 கஜ வட்டத்துக்கு வெளியே மூன்று பேரை மட்டுமே நிறுத்த முடியும். எந்த ஐந்து ஓவர் என்பதை மட்டை அணியே சொல்லலாம். பெரும்பாலான அணிகள் அதைக் கடைசிப் பத்து ஓவருக்குப் பத்திரப்படுத்தி, கடைசியில் விக்கெட் இல்லாமல் வீணாக்கும். அயர்லாந்து முப்பது சொச்சத்திலேயே அதை எடுத்துவிட்டது. அடிக்கிறவர் களத்தில் இருக்கும்போதே எடு என்ற எளிய புத்தி. அந்த ஐந்து ஓவரில் 60-க்கு மேல் வந்தது. எல்லைக்கோட்டில் ஆள் இல்லாததால் தப்பாகப் பட்ட பந்தும் நான்கு ரன்னாக ஓடியது.

ஓ'பிரையன் 91-இல் இருந்தபோது ஒரு கேட்ச் உயர்ந்தது. பின்னோக்கி ஓடிய இங்கிலாந்து கேப்டன் கையில் பட்டு நழுவியது. நழுவவிட்டவர், ஐந்து வருடம் முன்பு ஓ'பிரையனின் முதல் பந்தில் ஆட்டமிழந்த அதே ஸ்ட்ராஸ். அதிர்ஷ்டம் இல்லை என்று யார் சொன்னது? இருந்தது. ஆனால் கேட்ச் விட்டதால் 91 வரவில்லை, 91 வந்த பிறகுதான் கேட்ச் விடப்பட்டது.

கூசக்கோடு சேர்ந்து 162. கூசக் 47-இல் ரன் அவுட். 63 பந்தில் 113 எடுத்து, 13 பவுண்டரி, 6 சிக்ஸருடன், 49-ஆவது ஓவரில் ஓ'பிரையனும் ரன் அவுட். அடுத்து வந்த டிரென்ட் ஜான்ஸ்டன் முதல் பந்தையே பவுண்டரிக்கு விரட்டினார். ஜான் மூனி 33 எடுத்துக் கடைசிவரை நின்று, ஐந்து பந்து மிச்சமிருக்கையில் வெற்றி ரன்னை அடித்தார். மூன்று விக்கெட்டில் வெற்றி. ஜான்ஸ்டன், மூனி இருவரும் பந்துவீச்சுப் பக்கத்து ஆட்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த வேகச் சாதனை 12 வருடம் நின்றது. 2023 உலகக் கோப்பையில்தான் முதலில் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரம் 49 பந்தில், பிறகு ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல் 40 பந்தில் தாண்டினார்கள்.

வேலை மாறியது, ஆள் மாறவில்லை

பெங்களூருக்குப் பிறகு இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் கவுன்டி அவரை டி20 ஆட அழைத்தது. அங்கே மிடில்செக்ஸுக்கு எதிராக 52 பந்தில் 119. ஆனால் 2018 வரை அவருக்குக் கிடைக்காத ஒன்று இருந்தது.

அந்த ஆண்டு மே மாதம், டப்ளினுக்கு அருகில் மாலஹைடில், அயர்லாந்தின் முதல் டெஸ்ட், பாகிஸ்தானுக்கு எதிராக. முதல் நாள் முழுக்க மழை, ஒரு பந்துகூட வீசவில்லை. ஓ'பிரையனுக்கு வயது 34. முதல் இன்னிங்ஸில் அயர்லாந்து 130-க்குச் சுருண்டது, அதிலும் அதிகபட்சம் அவருடைய 40. 180 பின்தங்கியதால் ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி ஆட வேண்டிய கட்டாயம். இந்த முறை நின்றார். 217 பந்தில் 118. பெங்களூரில் 63 பந்தில் 113 அடித்த அதே ஆள்! ஸ்டூவர்ட் தாம்சனோடு ஏழாவது விக்கெட்டுக்கு 114 சேர்த்தார். அயர்லாந்தின் முதல் டெஸ்ட் சதம் அதுதான். மறுநாள் காலை, தான் சந்தித்த முதல் பந்திலேயே பாகிஸ்தான் பந்துவீச்சாளர் அப்பாஸிடம் ஆட்டமிழந்தார். வெற்றிக்கு 160 தேவைப்பட்ட பாகிஸ்தான் 14-க்கு 3 என்று தடுமாறிப் பிறகு ஐந்து விக்கெட்டில் ஜெயித்தது. ஆட்ட நாயகன் விருது தோற்ற அணிக்கு வந்தது.

"ஒரு நாள் மாட்டிச்சு" என்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இன்னிங்ஸைத்தான். பல நாள் ஆட்டத்தை அவர் திடீரென்று கற்றுக்கொள்ளவில்லை. இணை உறுப்பு நாடுகளுக்கென்று ஐசிசி நடத்திய பல நாள் ஆட்டத் தொடரான இன்டர்கான்டினென்டல் கோப்பையை அயர்லாந்து நான்கு முறை வென்றிருக்கிறது. யாரும் டிவியில் பார்க்காத அந்த ஆட்டங்களில்தான் இந்தப் பொறுமை பழகியது.

டெஸ்டில் அவர் கிட்டத்தட்ட வெறும் மட்டையாளர். மொத்தம் மூன்று டெஸ்ட், 258 ரன். டி20-யில் இன்னொரு வேடம்: தொடக்க ஆட்டக்காரர். 2019 அக்டோபரில் ஓமனில் ஹாங்காங்குக்கு எதிராக 62 பந்தில் 124. மூன்று வடிவிலும் சதம் அடித்த முதல் அயர்லாந்துக்காரர் ஆனார். வயது ஏற ஏறப் பந்துவீச்சு குறைந்தது, மட்டை வரிசையில் மேலே ஏறினார். ஆல்ரவுண்டர்கள் பலருக்கும் நடப்பதுதான். உடம்பில் முதலில் தேய்வது பந்துவீசும் பாகங்கள்.

முடிவு அவ்வளவு இனிமையாக இல்லை. 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த அடுத்த உலகக் கோப்பையோடு முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தவர், தேர்வாளர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்று சொல்லி 2022 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.

அடுத்தவர்கள் வந்த வழி வேறு

இப்போது அதே இருக்கையில் கர்ட்டிஸ் கேம்ஃபர். பிறந்தது ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்காவின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர். பாட்டி வழியில் அயர்லாந்து பாஸ்போர்ட். அந்த விஷயம் அயர்லாந்துக்குத் தெரிய வந்தது நைல் ஓ'பிரையன் மூலமாக. ஒரு ஆட்டத்தில் எதிரெதிரே ஆடியபோது பேச்சுவாக்கில் வந்தது. 2020 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் முதல் ஒருநாள் ஆட்டம். 28-க்கு 5 என்று அணி சரிந்த நாளில் ஆட்டமிழக்காமல் 59. 2021 டி20 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட். சர்வதேச டி20-யில் ரஷீத் கான், மலிங்கா இருவருக்குப் பிறகு அவர்தான். 2023-இல் காலி (Galle) நகரில் இலங்கைக்கு எதிரான டெஸ்டில் 111. அதில் அயர்லாந்து முதல் இன்னிங்ஸில் 492 எடுத்தும் இன்னிங்ஸ் தோல்வி, ஏனென்றால் இலங்கை 704 குவித்தது!

பஞ்சாபில் பிறந்து, அயர்லாந்துக்குப் படிக்கப் போன சிமி சிங் இன்னொரு வகை. சுழற்பந்து ஆல்ரவுண்டர். 2021 ஜூலையில் மாலஹைடில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எட்டாவது இடத்தில் இறங்கி ஆட்டமிழக்காமல் 100. ஒருநாள் வரலாற்றில் அந்த இடத்தில் வந்த முதல் சதம் அது.

இவர்களுக்கு இருப்பதும் ஓ'பிரையனின் தொடக்க காலத்தில் இல்லாததும் ஒன்று உண்டு: உள்நாட்டுப் படிக்கட்டு. 2013-இல்தான் மாகாண அணிகளுக்கிடையேயான தொடர் தொடங்கியது. அதற்கு முன் கிளப்பிலிருந்து நேராக நாட்டு அணி, இல்லாவிட்டால் இங்கிலாந்துக்குக் கப்பல்.

2025 ஜூலையில் அந்தப் படிக்கட்டில் ஒரு நாள். மன்ஸ்டர் ரெட்ஸ் என்ற மாகாண அணிக்காக முதலில் 24 பந்தில் 44 அடித்த கேம்ஃபர், பிறகு பந்தை வாங்கினார். எதிரணி நார்த் வெஸ்ட் வாரியர்ஸ் 87-க்கு 5. 12-ஆவது ஓவரின் கடைசி இரண்டு பந்தில் இரண்டு விக்கெட். ஒரு ஓவர் காத்திருந்து, 14-ஆவது ஓவரின் முதல் மூன்று பந்தில் மூன்று. ஐந்து பந்தில் ஐந்து விக்கெட். ஆண்கள் தொழில்முறை கிரிக்கெட்டில் அதுவரை யாரும் செய்யாதது. வாரியர்ஸ் 88-க்கு ஆல் அவுட்.